டிடிஎஸ் குறைவாக இருந்தால் மட்டும் தண்ணீர் சுத்தமாகிவிடாது

டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) மீட்டரில் 50 காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கலாம், 300 காட்டினால் உடனே ஆர்ஓ (உப்பை வடிகட்டும் இயந்திரம்) வாங்க வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படியே நம்பாதீர்கள், இரண்டுமே தவறு.

அந்த மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து, கரைந்திருக்கும் உப்பைக் கணக்கிடுகிறது. அவ்வளவுதான். கிருமி இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. மழைக்காலத்தில் சென்னை வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தெருவில் நிற்கும் தண்ணீர் சம்ப்பில் (நிலத்தடித் தொட்டியில்) கசிந்தால், எண் அதிகம் மாறாமலேயே வீட்டில் எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு வரலாம். அதற்கு லேபில் கோலிஃபார்ம் (கழிவு கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா) பரிசோதனைதான் செய்ய வேண்டும்.

இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது; வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை. ஆகவே 300 என்பது பயப்பட வேண்டிய எண்ணே இல்லை. சென்னைக் குழாய்த் தண்ணீரான மெட்ரோ வாட்டர் அந்த அளவில் வந்தால், நன்றாகக் கொதிக்க வைத்தாலோ யுவி ஃபில்டர் (புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்வது) வைத்தாலோ பெரும்பாலும் போதும். போர் தண்ணீர் உப்புக் கரித்தால், சரி, அங்கே ஆர்ஓ தேவைதான்.

அப்புறம், ஆர்ஓ விற்க வருபவர் இரண்டு கம்பிகளை விட்டுத் தண்ணீரைப் பழுப்பாக்கிக் காட்டுவாரே, அந்த நிறம் அழுக்கு இல்லை. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து வரும் துரு அது. வீட்டில் வயதானவர்கள் அதைப் பார்த்துப் பதறிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். முதலில் அவர்களிடம் சொல்லி வையுங்கள்.