தெருப்பனியை என் வாசலில் தள்ளிவிட்டுப் போவதற்குப் பெயர் பராமரிப்பா?

பனி பெய்வதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. குளிர்ப் பிரதேசத்தில் குடியிருந்தால் பெய்யத்தான் செய்யும். ராத்திரி முழுக்கப் பெய்யட்டும், முழங்கால் அளவு கொட்டட்டும். வானத்தோடு யார் மல்லுக்கு நிற்க முடியும்? என் சண்டையெல்லாம் பெய்து ஓய்ந்த பிறகு தெருவை அதிரவைத்துக்கொண்டு வருகிறதே ஒரு பனி தள்ளும் வண்டி, அதை அனுப்பி வைக்கிற நகராட்சியோடுதான்.

வாசலையும் கார் வெளியே போகிற வழியையும் அள்ளி முடித்து, ஷவலைச் சுவரில் சாய்த்துவிட்டு முதுகை நிமிர்த்தினால் போதும், அந்த வண்டிக்கு எங்கிருந்தாலும் மூக்கில் வேர்த்துவிடும். தெரு நெடுகக் கிடந்த பனியை எல்லாம் வழித்துக்கொண்டு வந்து, இப்போதுதான் திறந்த வழியின் குறுக்கே இடுப்பளவுக்கு ஒரு வரப்பு கட்டிவிட்டுப் போய்விடும். அதுவும் வானத்திலிருந்து விழுந்த புதுப்பனி என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அதில் பெரும்பகுதி வெறும் காற்று. வண்டி தள்ளிவிட்டுப் போவது நசுங்கி, உப்புத் தண்ணீரில் ஊறியது. அதே ஷவல் நிறைய அள்ளினால் எடை பல மடங்கு இருக்கும். கொஞ்ச நேரம் கண்டுகொள்ளாமல் விட்டால் கல்லாக இறுகிவிடும், அப்புறம் கடப்பாரைதான். பனி அள்ளும்போது மாரடைப்பு வரலாம் என்று டாக்டர்கள் ஒவ்வொரு குளிர்காலமும் தலைப்பாடாக அடித்துக்கொள்கிறார்கள். அதே வேலையை அறுபது எழுபது வயதுக்காரர்கள் தலையில் இரண்டாவது முறையும் கட்டுவது யார்?

இதற்கு வழியே இல்லை என்றால் வாயை மூடிக்கொண்டு அள்ளிவிடுவேன். ஆனால் வழி இருக்கிறது. வண்டியின் முன்னால் பனியைத் தள்ளுகிற அகலமான இரும்புக் கத்தியின் ஓரத்தில் பொருத்துகிற ஏற்றி இறக்கும் தகடு ஒன்று உண்டு. வீட்டு வழி வரும்போது அதை இறக்கினால் பனி பக்கவாட்டில் சிந்தாமல் கத்தியோடு முன்னே போய்விடும், தாண்டியதும் தூக்கிவிடலாம். சில ஊர்களில் இதைப் பயன்படுத்துகிறார்கள். எங்கள் ஊரில் கேட்டால், அதனால் வண்டியின் வேகம் குறையுமாம், செலவு கூடுமாம். சரி, அந்தத் தகடு இல்லாததால் ஒரு தெருவில் அத்தனை வீட்டுக்காரர்களும் காலையில் இழக்கிற நேரத்துக்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்? நகராட்சி ஏட்டில் ஏறாத செலவு செலவே கிடையாது போலிருக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால் இவர்கள் பனியை அகற்றுவதே இல்லை. தங்கள் இடத்திலிருந்து நம் இடத்துக்கு மாற்றுகிறார்கள். அதற்குத்தான் வரியும் கட்டுகிறோம்.

நடைபாதை கதை இதைவிடக் கொடுமை. வீட்டுக்கு முன்னால் உள்ள நடைபாதையை வீட்டுக்காரரே சுத்தம் செய்ய வேண்டும், குறித்த நேரத்துக்குள் செய்யாவிட்டால் அபராதம். பல ஊர்களில் இதுதான் விதி. ஒப்புக்கொண்டு செய்கிறோம். செய்து முடித்ததும் சாலைப் பனியைக் கொண்டுவந்து அதே நடைபாதையில் கொட்டுவது அபராதம் போடுகிற அதே நகராட்சியின் வண்டி! தெருமுனையில், சக்கர நாற்காலி இறங்குவதற்கென்று சரிவாகக் கட்டிவைத்த இடத்தில்தான் மேடு எப்போதும் ஆளுயரத்துக்கு நிற்கும். பஸ் நிறுத்தத்திலும் அப்படியே. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வருகிறவள் என்ன செய்வாள்? சாலையில் இறங்கி, கார்களுக்கு நடுவே நடப்பாள். பார்த்துப் பார்த்து வயிறு எரிகிறது.

ஸ்வீடனில் கார்ல்ஸ்கூகா என்று ஒரு சின்ன நகரம் இருக்கிறது. அங்கேயும் முதலில் பெரிய சாலைகள், அப்புறம்தான் நடைபாதைகள் என்றுதான் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பிறகு யோசித்துப் பார்த்து அந்த வரிசையைத் திருப்பிப் போட்டார்கள். நடைபாதை, சைக்கிள் பாதை, பிள்ளைகளை விடுகிற பள்ளிகளுக்குப் போகிற வழிகள் முதலில். காரணம் எளிமையானது. சில அங்குலப் பனியில் கார் எப்படியோ ஊர்ந்து போய்விடும், மனிதரும் தள்ளுவண்டியும் போக முடியாது. சறுக்கி விழுந்து எலும்பை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களில் காரில் இருந்தவர்களைவிட நடந்து போனவர்களே அதிகம். பெரிய தலைநகரத்தை ஒப்பிட்டுக் கேட்டால் எங்களிடம் அவ்வளவு பணம் இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். இதுவும் சின்ன ஊர்தானே ஐயா! வரிசையை மாற்ற முதலில் தேவைப்படுவது கொஞ்சம் புத்தி.

பனியை உருக்கச் சாலையில் உப்பு தூவுகிற லட்சணத்தையும் சொல்ல வேண்டும். சாலையில் போடுகிற சாதாரண உப்பு, தரையின் வெப்பநிலை மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால் கிட்டத்தட்ட வேலை செய்யாது. அதைவிடக் கடுங்குளிரிலும் பனியை உருக்குகிற கால்சியம் குளோரைடு கலக்க வேண்டும், இல்லையென்றால் வழுக்காமல் இருக்க மணலாவது தூவ வேண்டும். எங்கள் ஊரில் மைனஸ் 20லும் வெறும் உப்பைத்தான் வாரி இறைக்கிறார்கள். பனி வருவதற்கு முன்பே சுமார் 23 சதவீத உப்புக் கரைசலைத் தெளித்து வைத்தால் பனி தார்ச்சாலையில் ஒட்டிக்கொள்ளாது, பின்னால் உப்பும் குறைவாகவே செலவாகும். இது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வானிலை அறிக்கை முந்தின நாளே சொல்லிவிடுகிறது. ஆனால் எங்கள் உப்பு வண்டி, எல்லாம் உறைந்து கண்ணாடியான பிறகுதான் வெளியே தலை காட்டும். சில நாள் அது தூவிவிட்டுப் போன கையோடு பனி தள்ளும் வண்டி வந்து, பனியோடு உப்பையும் சேர்த்து ஓரத்தில் தள்ளிவிடும். அந்த உப்பெல்லாம் கடைசியில் என் புல்தரையில்தான் இறங்குகிறது. காரின் அடிப்பக்கம் துருப்பிடிப்பதைப் பேச ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது.

பனி உருகத் தொடங்கியதும் அடுத்த கூத்து: பள்ளம். தார் விரிசலில் இறங்கிய தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. பகலில் உருகி ராத்திரி உறைந்து, மறுபடி உருகி, மேலே லாரிகள் ஏறி இறங்க, ஒருநாள் சாலை பொத்துக்கொள்கிறது. இதில் ரகசியம் எதுவும் இல்லை. குளிர் வருவதற்கு முன்பே விரிசல்களை அடைத்துவிட்டால் பாதிப் பள்ளம் பிறக்கவே பிறக்காது. அடைக்க மாட்டார்கள். பள்ளம் விழுந்து, நாலு பேர் டயர் வெடித்து, புகார் குவிந்த பிறகு ஒரு லாரி வரும். பின்னால் நிற்கிறவர் ஒரு மண்வெட்டி கலவையைத் தண்ணீர் தேங்கிய பள்ளத்திலேயே போட்டு, நாலு தட்டு தட்டிவிட்டுப் போவார். அடுத்த பனிக்கு வருகிற கத்தி அதைப் பெயர்த்துக்கொண்டு போய்விடும். கடுங்குளிரில் சூடான தார்க்கலவை கிடைப்பது கஷ்டம், பல ஆலைகளை மூடிவிடுவார்கள், அதனால் அது தற்காலிக ஒட்டு என்பது எனக்கும் புரிகிறது. கோடை வந்த பிறகாவது வெட்டி, காயவைத்து, ஒழுங்காக இறுக்கிப் போடலாமே? போட மாட்டார்கள். புகார் செய்த செயலியில் மட்டும் பச்சை நிறத்தில் ‘தீர்க்கப்பட்டது’ என்று வந்துவிடும். எந்தப் புண்ணியவான் அந்தப் பொத்தானை அழுத்துகிறார் என்று தெரியவில்லை, அவரை ஒருநாள் என் காரில் ஏற்றிச் சுற்றிக்காட்ட ஆசை.

வண்டி ஓட்டுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. எல்லோரும் தூங்கும்போது, முன்னால் என்ன இருக்கிறதென்றே தெரியாத காற்றில் ஓட்டுகிறார்கள். இத்தனை தெருவுக்கு இத்தனை வண்டி போதும் என்று ஏசி அறையில் முடிவு செய்தவர்களைத்தான் கேட்கிறேன். வருஷா வருஷம் டிசம்பர் வந்ததும் ‘எதிர்பாராத பனிப்பொழிவு’ என்று அறிக்கை விடுகிறீர்களே, எதை எதிர்பார்த்தீர்கள், மாம்பழ சீசனையா?

1979ல் சிகாகோவில் பெரும் பனி கொட்டி நகரமே முடங்கியது. மேயர் மைக்கேல் பிலாண்டிக் அதைக் கையாண்ட விதம் மக்களுக்கு ஆத்திரத்தைக் கிளப்ப, பனி முழுசாகக் கரைவதற்குள், கட்சியின் மேயர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கப் பிப்ரவரியில் நடந்த உள்தேர்தலிலேயே ஜேன் பைர்ன் அவரைத் தோற்கடித்தார். இங்கே அந்தப் பயம்கூட யாருக்கும் இல்லை. எங்கள் நகராட்சித் தேர்தல் இலையுதிர்காலத்தில் நடக்கிறது. போன குளிர்காலம் எல்லோருக்கும் மறந்திருக்கும், அடுத்தது தொடங்கியிருக்காது.