பொருள் போய்விட்டது, டிரைவர் போகவில்லை

விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, டிவைஸ் செக்யூரிட்டிக்குள் போய், கோர் ஐசொலேஷன் விவரங்களை அழுத்தினால் மெமரி இன்டெக்ரிட்டி என்று ஒரு பாதுகாப்புச் சுவிட்ச் இருக்கும். தட்டினால் கொஞ்ச நேரம் சுற்றும். அப்புறம் 'பொருந்தாத டிரைவர்கள் இருக்கின்றன, சரிசெய்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்' என்று சொல்லிவிட்டுப் பழையபடி ஆஃப் ஆகிவிடும். (டிரைவர் என்பது ஒரு சாதனத்தை விண்டோஸோடு பேசவைக்கும் சின்ன மென்பொருள்.) சரிசெய்ய வேண்டியது யார்? நாம்தான். எப்படி? அதைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் டாஸ்க்பாரில் இருக்கும் கேடயத்தின் மேல் ஒரு மஞ்சள் முக்கோணம் மட்டும் ஒட்டிக்கொண்டு, உங்கள் கணினி ஆபத்தில் இருக்கலாம் என்று தினமும் நினைவூட்டும். அது எனக்குத் தெரியாதா? அதைச் சரிசெய்யத்தானே சுவிட்சைத் தட்டினேன்?

'பொருந்தாத டிரைவர்களைப் பார்' என்ற இணைப்பை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். எஸ்ஒய்எஸ் என்று முடியும் ஒரு கோப்பின் பெயர், தயாரிப்பாளர், தேதி, பதிப்பு எண். அதோடு ஓஇஎம் என்று தொடங்கி ஒரு எண்ணும் ஐஎன்எஃப்பும் ஒட்டிய ஒரு பெயர். ஐஎன்எஃப் என்பது டிரைவரை எப்படி நிறுவுவது என்று சொல்லும் குறிப்புக் கோப்பு. அவ்வளவுதான். பக்கத்தில் 'நீக்கு' என்று ஒரு பட்டன் கிடையாது. எந்தச் சாதனத்தின் டிரைவர் என்று ஒரு வரி கிடையாது. எட்டு எழுத்துச் சுருக்கப் பெயரை வைத்துக்கொண்டு இது பிரிண்டரா, பழைய மொபைலா, யூஎஸ்பி கேபிளா என்று நாமே துப்பறிய வேண்டும்.

இதில் என் வயிறு எரிவதற்குக் காரணம் வேறு. அந்தப் பட்டியலில் இருப்பவற்றில் பாதி, இன்று என்னிடம் இல்லாத பொருள்களுக்கானவை. ஒரு வெளி ஹார்டு டிஸ்க். அது செத்து எந்தக் காலமோ ஆகிவிட்டது. அதன் மென்பொருளை முறைப்படி அன்இன்ஸ்டால் செய்தேன். 'வெற்றிகரமாக நீக்கப்பட்டது' என்று வாழ்த்துச் செய்தி கூட வந்தது. எதை நீக்கினார்கள்? டெஸ்க்டாப் ஐகானையும் நாலு விண்டோவையும் நீக்கினார்கள். விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் உட்கார வேண்டிய டிரைவரை மட்டும் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வாடகைக்கு இருந்தவர் வீட்டைக் காலி செய்யும்போது பாத்திரம் பண்டத்தை எல்லாம் எடுத்துக்கொண்டு, வாசல் கதவில் தன் பூட்டை மட்டும் மாட்டிவிட்டுச் சாவியோடு போன மாதிரி. இப்போது பூட்டை உடைக்கும் வேலை வீட்டுக்காரனுக்கு.

கெர்னல் என்பது சும்மா ஒரு ஃபோல்டர் இல்லை. அங்கே ஓடும் நிரல், கணினியின் நினைவகம் முழுவதையும் தொட முடியும். வைரஸ் தடுப்பு மென்பொருளையே தூக்கி எறிய முடியும். அதற்குக் காவலாக வந்ததுதான் மெமரி இன்டெக்ரிட்டி. விண்டோஸ் 10-இன் 2018 ஏப்ரல் புதுப்பிப்பிலிருந்து சாதாரணப் பயனர்களுக்கும் இந்தச் சுவிட்ச் கண்ணில் படுகிறது. செய்வது இதுதான்: ப்ராசஸரின் விர்ச்சுவலைசேஷன் வசதியைக் கொண்டு தனியாக ஒரு பாதுகாப்பான பகுதியை உருவாக்கி, கெர்னலுக்குள் எந்த நிரல் ஓடலாம் என்ற சோதனையை அங்கே வைத்துவிடுகிறது. கெர்னலையே ஒருவன் பிடித்துவிட்டாலும் அந்தச் சோதனையை அணைக்க முடியாது. நினைவகத்தைப் பக்கம் என்ற சின்னத் துண்டுகளாகத்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் எழுதலாம், அல்லது அதை இயக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் கூடாது. வெளியிலிருந்து ஏதோ ஒன்றை எழுதி, அதையே ஓடவிடும் தந்திரம் அங்கே பலிக்காது.

பொருந்தாத டிரைவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இயக்கக்கூடிய நினைவகத்தைத் தேவையில்லாமல் கேட்டு வாங்குவது, எழுதவும் இயக்கவும் இரண்டுக்கும் திறந்த பகுதிகளை வைத்திருப்பது, கோப்பின் பகுதிகளை 4,096 பைட் என்ற பக்க அளவுக்கு ஒழுங்காக அடுக்காமல் விடுவது. மறைபொருள் ஒன்றும் இல்லை. இயக்க முடியாத நினைவகத்தைக் கேட்டு வாங்கும் வழி 2012-இல் விண்டோஸ் 8-உடனேயே வந்துவிட்டது. பல டிரைவர்களுக்குத் தேவைப்படுவது சின்ன மாற்றமும் மறுபடி ஒரு கம்பைலும்தான். அதைச் செய்ய அந்த நிறுவனங்களுக்கு மனசு வரவில்லை. பொருளை விற்றாகிவிட்டது, இனி எவன் எப்படிப் போனால் என்ன?

சரி, பழைய டிரைவர் கிடந்தால்தான் என்ன, யாரைக் கடிக்கப் போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. 2020 தொடக்கத்தில் சோஃபோஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட விவரத்தைப் படிக்கட்டும். ராபின்ஹுட் என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் மென்பொருள்), கிகாபைட் நிறுவனத்தின் பழைய டிரைவர் ஒன்றைத் தன்னோடு கையில் கொண்டுவந்தது. அதில் ஓட்டை இருப்பது 2018-லேயே வெளியே தெரிந்துவிட்டது. ஆனாலும் அதில் இருந்த டிஜிட்டல் கையெழுத்து (யார் செய்தது என்பதற்கான முத்திரை) செல்லுபடியாகும் கையெழுத்து. விண்டோஸ் மரியாதையாக உள்ளே விட்டது. உள்ளே போனதும் அந்த ஓட்டை வழியாகக் கெர்னல் நினைவகத்தில் ஒரு மதிப்பை மாற்றி, கையெழுத்துச் சோதனையையே அணைத்தது. பிறகு கையெழுத்தே இல்லாத தன் சொந்த டிரைவரை ஏற்றி, பாதுகாப்பு மென்பொருள்களை ஒவ்வொன்றாகக் கொன்றது. அதன் பிறகு கோப்புகளைப் பூட்டியது. மெமரி இன்டெக்ரிட்டி தடுக்க வந்தது இந்த மாதிரி வேலையைத்தான். ஓட்டை டிரைவர்களுக்கான தடைப்பட்டியலை விண்டோஸ் 11-இன் 2022 புதுப்பிப்பிலிருந்து தானாகவே ஆன் ஆகும்படி செய்தார்கள். நல்லது. ஆனால் அந்தப் பட்டியல் தனி, இந்தச் சுவிட்ச் தனி. இரண்டும் வேண்டும்.

இவ்வளவு முக்கியமான சுவிட்ச். அதை ஆன் செய்ய விடாமல் தடுப்பது, செத்துப்போன ஹார்டு டிஸ்க்கின் டிரைவர்.

தீர்வு தேடி இணையத்தில் இறங்கினால் இன்னும் கொதிக்கும். முதல் பக்கம் முழுக்க 'டிரைவர் அப்டேட்டர்' மென்பொருள் விற்பவர்கள். கணினியில் வேண்டாத டிரைவர் இருக்கிறது என்று போனால், ஒரே சொடுக்கில் எல்லா டிரைவரையும் புதுப்பிக்கிறேன் என்று இன்னும் நாலைத் தலையில் கட்டுவார்கள். இல்லாத பொருளின் டிரைவரை எதற்குப் புதுப்பிக்க வேண்டும் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. அடுத்த ரகம், 'சிஸ்டம்32-க்குள் டிரைவர்ஸ் ஃபோல்டருக்குப் போய் அந்தக் கோப்பை டெலீட் செய்யுங்கள், வேலை முடிந்தது' என்று வீடியோ போடுபவர்கள். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். கோப்பு போனாலும் ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸின் அமைப்புக் குறிப்பேட்டில் அதன் பதிவு அப்படியே இருக்கும். அது வேறொரு டிரைவரோடு ஒட்டிக்கொண்டு ஓடும் ஃபில்டர் டிரைவராக இருந்துவிட்டால் தொலைந்தது. கீபோர்டு வகையின் அப்பர்ஃபில்டர்ஸ் பட்டியலில் பெயர் இருந்து கோப்பு இல்லை என்றால், மறுமுறை கணினியைத் திறக்கும்போது கீபோர்டு வேலை செய்யாது. டிஸ்க் தொடர்பானது என்றால் விண்டோஸே திறக்காமல் நீலத்திரையில் நிற்கலாம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

ஒழுங்கான வழி இருக்கிறது. முதலில் ஒரு ரீஸ்டோர் பாயின்ட், ஏதாவது கெட்டால் பழைய நிலைக்குத் திரும்ப. பிறகு டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவுக்குள் 'ஷோ ஹிட்டன் டிவைசஸ்' என்பதைத் தட்ட வேண்டும். இப்போது செருகப்படாத பழைய சாதனங்களெல்லாம் மங்கலான ஐகானோடு எட்டிப்பார்க்கும். உரியதைக் கண்டுபிடித்து, டிரைவரையும் சேர்த்து நீக்கும் கட்டத்தை டிக் செய்து அன்இன்ஸ்டால் செய்யலாம். அங்கே கண்ணில் படவில்லை என்றால் அட்மின் உரிமையோடு கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து பிஎன்பியூட்டில் கருவியைக் கூப்பிட வேண்டும். எனும்-டிரைவர்ஸ் என்று கேட்டால் வெளியிலிருந்து வந்த டிரைவர்கள் எல்லாம் வரிசையாக வரும். பட்டியலில் பார்த்த அந்த ஓஇஎம் பெயரை அதில் பொருத்திப் பார்த்து, டிலீட்-டிரைவர் கட்டளையோடு அன்இன்ஸ்டால் என்பதையும் சேர்த்துக் கொடுத்தால் போய்விடும். ஃபோர்ஸ் என்பதைப் போட எல்லோரும் சொல்வார்கள். வேறு வழியே இல்லாதபோது மட்டும் போடுங்கள். நீக்கப்போவது டிஸ்க் கண்ட்ரோலரோ நெட்வொர்க் கார்டோ என்றால், மாற்று டிரைவர் கையில் இல்லாமல் தொடவே கூடாது.

ஓஇஎம் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால் இன்னும் கூத்து. ஐஎன்எஃப் எதுவும் இல்லாமல், ஏதோ ஒரு மென்பொருள் நேராக ஒரு சர்வீஸை உருவாக்கி டிரைவரைச் சொருகியிருக்கிறது என்று அர்த்தம். விசிறி வேகம் காட்டும் மென்பொருள், கீபோர்டு விளக்கு நிறம் மாற்றும் மென்பொருள் எல்லாம் இந்த வேலையைச் செய்யும். விளக்கை ஊதா நிறமாக்க எதற்கடா கெர்னல்? ஆட்டோரன்ஸ் என்ற கருவியில் டிரைவர்ஸ் பக்கத்துக்குப் போனால் இந்த ஆசாமிகள் மாட்டுவார்கள். அங்கேயே டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்து, எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு நீக்குவது நல்லது. (பட்டியல்களை நோண்டும்போது மைக்ரோசாஃப்ட் என்று போட்டு 2006 ஜூன் 21 தேதியோடு நிறைய டிரைவர்கள் கண்ணில் படும். அவற்றைப் பழசு என்று நினைத்துத் தூக்கிவிடாதீர்கள். தயாரிப்பாளரின் டிரைவர் இருந்தால் அதற்கு முன்னுரிமை கிடைக்கட்டும் என்று வேண்டுமென்றே போட்ட தேதி அது.)

இதையெல்லாம் செய்ய எனக்குத் தெரியும், செய்துவிட்டேன். அம்மாவின் கணினியில் இதே முக்கோணம் வந்தால் அம்மா என்ன செய்வார்? பயந்துபோய் எனக்குப் போன் செய்வார், இல்லையென்றால் 'டிஸ்மிஸ்' என்பதை அழுத்திவிட்டுப் போவார். கோடிக்கணக்கானவர்கள் அதைத்தான் செய்வார்கள். யாரைக் குறை சொல்வது?

இத்தனைக்கும் விண்டோஸுக்கு எல்லாமே தெரியும். அந்தக் கோப்பு எந்த ஐஎன்எஃப்போடு வந்தது என்று தெரியும். எந்தச் சாதனத்துக்கு உரியது என்று தெரியும். அது கடைசியாக எப்போது செருகப்பட்டது, எப்போது பிடுங்கப்பட்டது என்பது கூடத் தெரியும். டிவைஸ் மேனேஜரில் ஒரு சாதனத்தின் டீட்டெய்ல்ஸ் பக்கத்துக்குப் போய் 'லாஸ்ட் அரைவல் டேட்', 'லாஸ்ட் ரிமூவல் டேட்' என்று தேடிப்பாருங்கள், மணி நிமிடத்தோடு இருக்கும். 'இந்தச் சாதனத்தை நீங்கள் பல வருடமாக இணைக்கவில்லை, இதன் டிரைவரை நீக்கட்டுமா?' என்று ஒரு வரி கேட்டு, ஆம் இல்லை என்று இரண்டு பட்டன் வைக்க எத்தனை நாள் ஆகும்? ஸ்டார்ட் மெனுவை இடமும் நடுவுமாக நகர்த்த நேரம் இருக்கிறது, இதற்கு இல்லை.

சில ஹார்டுவேர் நிறுவனங்களின் சப்போர்ட் இதைவிடக் கேவலம். டிரைவர் ஏறவில்லை என்று எழுதினால், 'மெமரி இன்டெக்ரிட்டியை ஆஃப் செய்துவிட்டு முயலுங்கள்' என்று ஒரு பதில். அதையே படிப்படியாகப் படம் போட்டு விளக்கியும் வைத்திருக்கிறார்கள். அந்தப் படங்களை எடுத்த நேரத்தில் டிரைவரைத் திருத்தியிருக்கலாமே? வேகம் குறையும், அதனால் ஆஃப் செய் என்பவர்களின் வாதத்திலாவது கொஞ்சம் உண்மை இருக்கிறது. இன்டெலின் ஏழாம் தலைமுறைக்கும் ஏஎம்டியின் ஜென் 2-க்கும் முந்தைய ப்ராசஸர்களில் இதற்கான ஹார்டுவேர் உதவி இல்லை. அங்கே சுமை தெரியும். சாதனம் விற்றவர்களுக்கு அந்தச் சாக்கும் இல்லை.

எல்லாம் முடிந்து சுவிட்ச் ஒருவழியாக ஆன் ஆனது. முக்கோணம் போனது. அப்புறம் பழைய ஸ்கேனரைச் செருகினேன். 'இந்தச் சாதனத்தில் டிரைவரை ஏற்ற முடியவில்லை' என்று அறிவிப்பு. டிவைஸ் மேனேஜரில் கோட் 39. ஸ்கேனருக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாக ஓடிக்கொண்டிருந்ததுதான். நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கு ஆதரவு முடிந்துவிட்டது என்று ஒரு வரி. புது டிரைவர் வராது. ஸ்கேனருக்காகக் காவலை இறக்க எனக்கு மனமில்லை. இணையத் தொடர்பு இல்லாத ஒரு பழைய லேப்டாப்பில் அதை மாட்டிவைத்திருக்கிறேன். ஸ்கேன் செய்ததைப் பென்டிரைவில் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. அந்த நிறுவனத்திடமிருந்து புது மாடல் அறிவிக்கும் மின்னஞ்சல் மட்டும் தவறாமல் வருகிறது.