நாற்பது ரூபாயை மிச்சம் பிடித்த கதை

டீ வடிகட்டியின் வலை கிழிந்துவிட்டது. புதிதாக ஒன்று வேண்டும், அவ்வளவுதான். போனில் தேடியதில் 89 ரூபாய்க்குக் கிடைத்தது. சரி என்று வாங்கப் போனால் டெலிவரிக்கு 40 ரூபாயாம். அதற்குக் கீழேயே பச்சை எழுத்தில், 'இன்னும் 410 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்'.

பஸ்ஸுக்குக் கொடுப்பேன், பஜ்ஜிக்குக் கொடுப்பேன், டெலிவரிக்குக் கொடுக்க மட்டும் எனக்கு மனசு வராது. அரை மணி நேரம் தேடி, சுவரில் ஒட்டும் கொக்கி ஒரு செட், எலுமிச்சை பிழிய ஒன்று, ஃபிரிட்ஜ் தட்டில் விரிக்க ஒரு ஷீட் என்று சேர்த்தேன். மொத்தம் 512. நாற்பது மிச்சம் என்று பெருமை வேறு.

பார்சல் வந்தது. துண்டைத் தொங்கவிட்ட மறுநாளே கொக்கி, சுண்ணாம்புப் பொருக்கோடு கையில் வந்துவிட்டது. (புதுச்சேரிக் கடல்காற்றில் எங்கள் சுவர் ஏற்கெனவே பொரிந்து கிடக்கிறது, கொக்கியை மட்டும் குறை சொல்ல முடியாது.) ஷீட் தட்டைவிட இரண்டு விரல் அகலம். வடிகட்டியோ டம்ளருக்குள்ளேயே விழுந்துவிடுகிறது. படத்தில் அதன் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தையாவது வைத்துக் காட்டக் கூடாதா?

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்குப் போனேன். தரையில் பழைய புத்தகம், சட்டை, செருப்புக்கு நடுவே வடிகட்டிகள் குவியலாகக் கிடந்தன. பையில் கொண்டுபோன டம்ளர் மேல் வைத்துப் பார்த்தே வாங்கினேன். ஐம்பது சொன்னார், நாற்பதுக்குக் கொடுத்தார்.

அம்மா கேட்டார், "அந்த டெலிவரிக் காசுதானே இது?"