மூன்று புள்ளிக்குள் ஒரு சட்டை

பெரியவள் இப்போது லெவன்த் கிரேடு. இந்த வருடம் ஆங்கில வகுப்பில் தொடக்ககால அமெரிக்க இலக்கியம். நியூஜெர்சி தமிழ் அம்மாக்கள் வாட்ஸாப் குழுவில் இதைப் பற்றி ஒரு பெரிய புலம்பல் ஓடியது. கால்குலஸ் படிக்க வேண்டிய நேரத்தில் முந்நூறு வருடத்துக்கு முந்தைய பாதிரியார் பிரசங்கம் எதற்கு, இதை வைத்து எந்த காலேஜில் சீட் வாங்குவது, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று. செப்டம்பரில் நானும் அதற்குக் கட்டைவிரல் போட்டவள்தான். இப்போது என் கோபம் வேறு. பாடத்தின் மேல் இல்லை, ஜெராக்ஸின் மேல்.

ஆமாம், ஜெராக்ஸ்தான். முழுப் புத்தகம் என்று ஒன்று அவள் கைக்கு வரவே இல்லை. எல்லாமே இரண்டு பக்கம், மூன்று பக்கம், மூலையில் ஒரு ஸ்டேப்ளர் பின், வெட்டிய இடத்தில் மூன்று புள்ளி. உவமைக்கு மஞ்சள் கோடு, உருவகத்துக்குப் பச்சைக் கோடு. புறநானூற்றில் செத்தவன் யார், அழுகிறவள் யார் என்று தெரியாமலே இலக்கணக் குறிப்பு எழுதி இரண்டு மார்க் வாங்கிய கூட்டம் நாம். இங்கே அதையே கலர் பேனாவில் செய்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் வந்தவர் ஜோனதன் எட்வர்ட்ஸ். 1741 ஜூலை 8, என்ஃபீல்டு என்ற ஊரில் அவர் செய்த பிரசங்கம். சிலந்தியை நெருப்புக்கு மேலே பிடித்திருப்பது போலக் கடவுள் உன்னைப் பிடித்திருக்கிறார், கையை விட்டால் போச்சு என்கிற சமாசாரம். இவள் வரிசையாக உவமைகளுக்கு மஞ்சள் அடித்துவிட்டாள், முகத்தில் ஒரு துளி பயம் இல்லை. சின்னவனின் மிருதங்க வகுப்பு முடியும்வரை வெளியே காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கொடு இங்கே என்று வாங்கிச் சத்தமாக வாசித்தேன். என் உச்சரிப்பைக் கேட்டு முதலில் சிரித்தாள். சிலந்தி வந்த இடத்தில் முறுக்கு கடிக்கிற சத்தம் நின்றது. “அம்மா, போதும்மா, க்ரீப்பியா இருக்கு.” அன்றைக்கு என்ஃபீல்டிலும் அதுதான் நடந்தது. ஜனங்கள் போட்ட கூச்சலில் அவர் பேச்சையே நிறுத்த வேண்டியதாயிற்று என்று கூட இருந்த இன்னொரு பாதிரியார் டைரியில் எழுதி வைத்திருக்கிறார். (எட்வர்ட்ஸ் கடைசியில் எங்கள் பக்கம்தான், பிரின்ஸ்டனுக்குக் கல்லூரித் தலைவராக வந்தார். வந்த சில வாரத்தில் அம்மைத் தடுப்பு குத்திக்கொண்டு, அதனாலேயே 1758ல் செத்துப்போனார்.) காதில் விழுந்து வயிற்றைக் கலக்க வேண்டியதை மஞ்சள் பேனாவோடு மௌனமாகப் படித்தால் என்ன வரும், கொட்டாவிதான் வரும்.

சரி, அதுகூடப் பரவாயில்லை. என்னை உண்மையில் கிளறிவிட்டது மேரி ரோலண்ட்சன்.

பாதிரியாரின் மனைவி. 1676 பிப்ரவரியில் மாசசூசெட்ஸில் லங்காஸ்டர் என்ற குடியிருப்பைப் பூர்வகுடிகள் தாக்கியபோது குழந்தைகளோடு பிடிபட்டாள். மடியில் கிடந்த ஆறு வயது மகள் காயத்தோடு சில நாளில் இறந்துபோனாள். பதினோரு வாரம் கழித்து 20 பவுண்டு கொடுத்து இவளை மீட்டார்கள். 1682ல் இவள் கதை புத்தகமாக வந்தது. மகளுக்கு வந்த ஜெராக்ஸில் என்ன இருந்தது? தீ, ரத்தம், கூக்குரல், குழந்தையின் சாவு. அப்புறம் மூன்று புள்ளி. அப்புறம் நேராகக் கடவுளுக்கு நன்றி. கேள்வி: ‘ஆசிரியர் எதிரிகளை வர்ணிக்கப் பயன்படுத்தும் சொற்களைப் பட்டியலிடுக.’

இணையத்தில் முழுசாகவே இலவசமாகக் கிடைக்கிறது, ஒரு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். அந்த மூன்று புள்ளிக்குள் மெட்டகாம் இருக்கிறார். ஆங்கிலேயர்கள் கிங் பிலிப் என்று பெயர் வைத்த பூர்வகுடித் தலைவர், லங்காஸ்டர் தாக்குதல் நடந்த அந்தப் போருக்கே அவர் பெயர்தான். அவர் இவளைக் கூப்பிட்டு, என் பையனுக்கு ஒரு சட்டை தைத்துத் தருகிறாயா என்று கேட்கிறார். தைத்துக் கொடுக்கிறாள். ஒரு ஷில்லிங் கூலி தருகிறார். கைதிக்குக் கூலி! அதைக் கொண்டுபோய்த் தன்னை வைத்திருந்த எஜமானனிடம் நீட்டினால் நீயே வைத்துக்கொள் என்கிறான். இவள் அந்தக் காசில் குதிரைக்கறி வாங்குகிறாள். அப்புறம் அந்தப் பையனுக்குத் தொப்பி ஒன்றும் தைத்துத் தந்ததற்கு மெட்டகாம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, கரடிக் கொழுப்பில் பொரித்த, இரண்டு விரல் அளவு அடை ஒன்று தருகிறார். வாழ்நாளில் இதைவிட ருசியாக எதையும் தின்றதில்லை என்று எழுதுகிறாள். பக்கத்துக்குப் பக்கம் காட்டுமிராண்டிகள் என்று திட்டுகிறவள், பசி வந்ததும் தன்னையறியாமல் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். இலக்கியம் என்று ஒன்று அந்தப் புத்தகத்தில் இருந்தால் அது இந்த இடம்தான், இதைத்தான் வெட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பையனைப் பற்றித் தேடினேன், தேடாமலே இருந்திருக்கலாம். அதே வருடம் ஆகஸ்டில் மெட்டகாமைக் கொன்றார்கள். அவருடைய ஒன்பது வயது மகன் பிடிபட்டான், சட்டை போட்டவன் அவனாகத்தான் இருக்க வேண்டும். குழந்தையைக் கொல்வதா விடுவதா என்று பாதிரியார்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். இன்கிரீஸ் மாதர் என்ற பெரிய பாதிரியார், தப்பிப் பிழைத்த சின்ன ராஜகுமாரன் பிறகு பகைவனாகத் திரும்பி வந்த பைபிள் கதையைச் சுட்டிக்காட்டி, கொல்கிற பக்கம்தான் சாய்ந்தார். கடைசியில் கொல்லவில்லை, 1677ல் அடிமையாக விற்றார்கள். ரோலண்ட்சன் புத்தகத்துக்குப் பெயர் போடாமல் முன்னுரை எழுதியவரும் இந்த இன்கிரீஸ் மாதராகத்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

நமக்கு என்ன சம்பந்தம் என்று குழுவில் கேட்டார்களே, அந்த மாதரின் மகன் காட்டன் மாதர், பாஸ்டனில் உட்கார்ந்துகொண்டு தமிழில் பைபிள் அச்சிட்ட நம் தரங்கம்பாடிப் பாதிரியார் சீகன்பால்குக்குக் கடிதம் எழுதியவர். சீகன்பால்கு 1719ல் இறந்துவிட, கூட இருந்த கிரண்ட்லர் பதில் எழுதினார். அந்தக் கடிதங்களை 1721ல் மாதர் அச்சிட்டும் விட்டார். குழுவில் இதைப் போட்டேன். இரண்டு கும்பிடும் ஒரு மாதுளம்பழ ஆஃபரும் வந்தன.

பிலிஸ் வீட்லி கதையும் இதே வெட்டுதான். 1761ல் ஏழெட்டு வயதில் பாஸ்டனில் அடிமையாக விற்கப்பட்ட பெண். பிலிஸ் என்பது கொண்டுவந்த கப்பலின் பெயர், வீட்லி என்பது வாங்கியவரின் பெயர். 1773ல் லண்டனில் கவிதைப் புத்தகம் வந்தபோது, இது இவளே எழுதியதுதான் என்று பாஸ்டன் பெரிய மனிதர்கள் 18 பேர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. வகுப்பில் எட்டு வரிக் கவிதை ஒன்று மட்டும். அதில் தன்னை ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தது கருணைதான் என்கிறாள். பிள்ளைகளும் ‘அடிமையானதுக்கு நன்றி சொல்றா’ என்று முடிவு கட்டிவிட்டார்கள். டார்ட்மவுத் பிரபுவுக்கு எழுதிய கவிதையில், என்னைப் பறிகொடுத்த அப்பா என்ன பாடுபட்டிருப்பார் என்று கேட்கிறாளே, அதையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன, ஒரு பக்கம் கூடுமா?

ஆசிரியரைக் குறை சொல்லவில்லை, அவர் தலைக்கு மேலே ஒரு பரீட்சை தொங்குகிறது. ஆனால் பதினாலு பேரைத் துண்டு துண்டாகக் கொடுப்பதற்குப் பதில் நாலு பேரை முழுசாகக் கொடுக்கலாம். ரோலண்ட்சன் முழுக்கவே ஒரு சின்னப் புத்தகம்தான், ஒரு வாரம் போதும். மகள் கட்டுரையில் சட்டை விஷயத்தை எழுதினாள், கொடுத்த பகுதிக்கு வெளியே போய்விட்டாய் என்று மூன்று மார்க் குறைந்தது. அவளுக்கு அழுகை, எனக்குப் பெருமை. வீட்டில் அன்றைக்கு அதுவே ஒரு சண்டை.

அடுத்த வாரம் தோரோ, வால்டன் குளக்கரையில் குடிசை போட்டு வாழ்ந்து அதைப் புத்தகமாக எழுதியவர். அந்தக் குளத்துப் பனிக்கட்டியை வெட்டிக் கப்பலில் அனுப்பக் கொண்டுபோகிறவர்களைப் பார்த்துவிட்டு, மதராஸிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வேர்த்துக் கிடக்கிறவர்கள் என் கிணற்றில் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று ஓரிடத்தில் எழுதியிருப்பார். மெரினா எதிரே நம் ஐஸ் ஹவுஸ் அந்த அமெரிக்க ஐஸை இறக்கி வைக்கக் கட்டியதுதான். நேற்று அவள் பையிலிருந்து தோரோ ஜெராக்ஸை எடுத்து முதல் வேலையாக மதராஸ் இருக்கிறதா என்று தேடினேன். மூன்று பக்கம், ஒரு பின். மதராஸ் இல்லை.