ஓசோன் ஓட்டையும் தென்துருவக் காற்றும்

பத்தாவது படிக்கிற அண்ணன் மகன் போன வாரம் கேட்டான்: "சித்தப்பா, நீங்க படிக்கிறப்ப ஓசோன்ல ஓட்டைன்னு எல்லாரும் பயந்தீங்களாமே, இப்ப யாருமே பேசறதில்ல. சும்மா கிளப்பிவிட்டதா அது?" வாட்ஸப்பில் யாரோ அப்படி எழுதியிருந்தார்களாம். எனக்குச் சுருக்கென்றது.

சும்மா இல்லை. அண்டார்டிகாவில் ஹாலி என்ற பிரிட்டிஷ் நிலையத்தில், தலைக்கு மேலே இருக்கும் ஓசோனை 1950களிலிருந்தே, ஓசோன் அளப்பதற்கென்றே உள்ள டாப்சன் கருவி வைத்து அளந்து வந்தார்கள். வானத்தில் பரவிக் கிடக்கும் ஓசோன் மொத்தத்தையும் தரைக்குக் கொண்டுவந்து அமுக்கினால் 3 மில்லிமீட்டர் கனம்தான் தேறும். இரண்டு ஒரு ரூபாய் காசை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். அதில் மூன்றில் ஒரு பங்கு அங்கே அக்டோபர் மாதங்களில் காணாமல் போயிருந்தது. அதைத்தான் ஓட்டை என்றார்கள். ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1985இல் அதை வெளியிட்டார்கள். 1987இல், ஓசோனை அழிக்கும் வாயுக்களைக் கட்டுப்படுத்த உலக நாடுகளின் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஃப்ரிட்ஜ், ஏசி, ஸ்ப்ரே டப்பா எல்லாவற்றிலும் இருந்த, அப்படி ஓசோனை அழிக்கும் குளோரோஃப்ளூரோ கார்பன்கள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. அந்த வேலை ஒழுங்காக நடந்ததால்தான் பேச்சு அடங்கியது.

ஓசோன் என்றாலே நமக்குத் தோல் புற்றுநோய்தான் ஞாபகம் வருகிறது. எனக்கு அதைவிட ஆச்சரியம் காற்று. ஓசோன் புற ஊதாக் கதிரை விழுங்கித் தன்னைச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கும். தென்துருவத்தின் வசந்த காலத்தில் ஓசோன் அழிந்ததும் வளிமண்டலத்தின் மேலடுக்கு குளிர்ந்தே கிடந்தது. அந்த உயரத்தில் துருவத்தைச் சுற்றும் காற்றுப் பெருஞ்சுழல் வலுத்து, கலைய வேண்டிய நேரத்தில் கலையாமல் நீடித்தது. அந்தத் தாக்கம் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே கோடை. அந்த மாதங்களில் தென்கடல் மேல் மேற்கிலிருந்து வீசும் மேலைக்காற்று அண்டார்டிகா பக்கம் நகர்ந்துவிட்டது. மழையும் அதன் பின்னாலேயே போனது. பதினைந்து, இருபது கிலோமீட்டர் உயரத்தில் நடந்த வேதிவினை கடல்மட்டத்துக் காற்றையே இடம் மாற்றிவிட்டது!

2000 வாக்கில் அந்த நகர்வு நின்றது. ஓசோன் தேறத் தொடங்கியதே முக்கியக் காரணம் என்று அந்தரா பானர்ஜியும் சக ஆய்வாளர்களும் 2020இல் நேச்சர் இதழில் காட்டினார்கள். படித்தபோது மனசு நிறைந்துபோனது. மனிதர்கள் போட்ட ஒரு கையெழுத்து காற்றின் போக்கில் தெரிகிறதே!

ஆனால் ஒரு வருடப் படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. 2019இல் ஓட்டை மிகச் சிறியதாக இருந்தது, மேலடுக்கு திடீரென்று சூடானதால். அடுத்த சில வருடங்கள் மறுபடி பெரிதானது. சில குளோரோஃப்ளூரோ கார்பன்கள் காற்றில் நூறு வருடம்கூடத் தங்கும். அண்டார்டிகா மேல் ஓசோன் 1980 நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்பது விஞ்ஞானிகளின் 2022 மதிப்பீடு. அப்போது இந்தப் பையனுக்கு ஐம்பது தாண்டியிருக்கும்.

அதற்குள் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஓசோன் தேறத் தேற அந்தக் காற்றைப் பழையபடி வடக்கே இழுக்கும். கார்பன் டை ஆக்சைடோ அதைத் துருவம் பக்கம் இழுக்கிறது. கயிறு இழுக்கும் போட்டிதான். ஓசோன் தேறி முடிந்ததும் அந்தப் பக்கம் புதிதாக ஆள் சேராது. நாம் நிலக்கரியும் பெட்ரோலும் எரிக்கிறவரை எதிர்ப்பக்கம் ஆள் சேர்ந்துகொண்டே இருக்கும். அவனுக்கும் இதையேதான் சொன்னேன்.