பல்கேரிய மன்னர்களும் 'ராஜ ரத்தமும்'

அரச பரம்பரை, ராஜ ரத்தம் என்று பெருமை பேசும் பதிவுகளை அடிக்கடி பார்க்கிறேன். அப்படி எழுதுகிறவர்கள் பல்கேரிய மன்னர்களின் வரலாற்றைப் பொறுமையாக ஒருமுறை படிக்க வேண்டும். 681இல் அஸ்பாரூஹ் கானில் தொடங்கி 1946 வரை நீளும் கதை அது. இடையில் பைசாந்தியம் என்ற கிழக்கு ரோமப் பேரரசிடம் ஒருமுறை, ஒட்டோமான் துருக்கியர்களிடம் ஒருமுறை என நாடே இல்லாமல் போனது. மீண்டும் எழுந்தபோதெல்லாம் அரியணையில் உட்கார்ந்தது புது வம்சம்தான்.

ஒரே வம்சத்துக்குள்ளும் ரத்தம் யாரையும் காப்பாற்றவில்லை. நாட்டைக் கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவந்த முதலாம் போரிஸ், 889இல் மூத்த மகன் விளாதிமிரிடம் ஆட்சியைக் கொடுத்துவிட்டு மடத்துக்குப் போய்விட்டார். மகன் பழைய வழிபாட்டைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார். தந்தை மடத்தை விட்டு வெளியே வந்தார், மகனைப் பதவியிலிருந்து இறக்கினார், கண்களைக் குருடாக்கினார். அப்புறம், துறவியாக்க நினைத்து வளர்த்த இளைய மகன் சிமியோனுக்குப் பட்டம் கட்டினார். பல்கேரியாவின் பொற்காலம் என்று சொல்லப்படுவது அந்தச் சிமியோனின் ஆட்சிதான்.

எனக்கு மிகவும் பிடித்தவர் எந்த வம்சத்திலும் சேராத ஒருவர். பெயர் இவைலோ. பன்றி மேய்த்தவர். 1277 வாக்கில் தாத்தார் (மங்கோலிய) படைகள் வடகிழக்கு ஊர்களைச் சூறையாடிக்கொண்டிருந்தன. அரசர் கான்ஸ்டன்டைன் டிக் குதிரையிலிருந்து விழுந்து கால் முறிந்ததிலிருந்து எழுந்து நடமாட முடியாதவர். அவரால் எதையும் தடுக்க முடியவில்லை. இவைலோ விவசாயிகளைத் திரட்டித் தாத்தார்களை விரட்டினார். தன்னை அடக்கப் படையோடு வந்த அரசரையும் போரில் வென்றார். வண்டியில் அமர்ந்தபடி போருக்கு வந்த அரசர் அங்கேயே கொல்லப்பட்டார்.

தலைநகர் தர்னோவோ அப்போது அரசி மரியாவின் கையில் இருந்தது. அவர் பைசாந்தியப் பேரரசர் எட்டாம் மைக்கேலின் சகோதரி மகள். அந்தத் தாய்மாமனோ தன் மகளின் கணவரை அரசனாக்கப் படை அனுப்பிக்கொண்டிருந்தார். அரசி யோசித்து எடுத்த முடிவுதான் என்னை வியக்க வைக்கிறது: தன் கணவரைக் கொன்றவனையே மணந்துகொண்டு கோட்டைக் கதவைத் திறந்துவிட்டார். ஒரே நிபந்தனை, தனக்குப் பிறந்த மகனின் வாரிசுரிமை நிலைக்க வேண்டும். பேரரசர் குடும்பத்துப் பெண்ணும் பன்றி மேய்த்தவரும் ஒரே அரியணையில்! 1279இல் பைசாந்தியப் படைகளை இவைலோ இரண்டு முறை முறியடித்தார். ஆனால் தர்னோவோ அதற்குள் கைநழுவிப் போயிருந்தது, பிரபுக்கள் வேறொருவருக்கு முடிசூட்டினார்கள். உதவி கேட்டுப் போன இடத்தில், தாத்தார் தலைவர் நோகாயின் விருந்திலேயே அவர் கொல்லப்பட்டார். ஆட்சி சில ஆண்டுகள்கூட நீடிக்கவில்லை. இருந்தும், பிறந்த வீட்டால் மட்டுமே அரசரான பலரை விட அவர் அந்த மண்ணுக்கு அதிகம் செய்தார் என்பேன்.

சரி, நவீன காலத்துக்கு வருவோம். ஒட்டோமான் ஆட்சி முடிந்தபோது அரசரை வெளியிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. 1879இல் பாட்டன்பெர்க் குடும்பத்து அலெக்சாண்டர். அவர் 1886இல் முடிதுறந்ததும் ஒரு தூதுக்குழு இளவரசர் தேடி ஐரோப்பாவில் அலைந்து, கடைசியில் வியன்னாவில் ஃபெர்டினாண்டைப் பிடித்தது. சாக்ஸ்-கோபர்க் குடும்பத்தவர், ஆஸ்திரியப் படை அதிகாரி, கத்தோலிக்கர். பழைய வம்சங்களோடு எந்தத் தொடர்ச்சியும் இல்லை. பிள்ளைகளுக்குப் பல்கேரிய வரலாற்றிலிருந்து பெயர் வைத்து அந்த இடைவெளியை நிரப்பப் பார்த்தார். போரிஸ் என்று பெயர் வைத்த மகனை, ரஷ்யாவின் ஆதரவுக்காக 1896இல் கத்தோலிக்கத்திலிருந்து, ரஷ்யர்களும் பல்கேரியர்களும் பின்பற்றிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவப் பிரிவுக்கு மாற்றினார்.

அந்தப் போரிஸ்தான் பின்னாளில் ஹிட்லரோடு கூட்டணி வைத்த மூன்றாம் போரிஸ். 1943இல் பல்கேரிய யூதர்கள் ஏறத்தாழ 48,000 பேர் உயிர் தப்பியதற்கு அவரை மட்டும் கொண்டாடுவது எனக்கு உடன்பாடில்லை. நாடாளுமன்றத் துணைத் தலைவர் திமிதார் பெஷெவ், சோபியா, ப்ளோவ்திவ் நகரப் பேராயர்கள், தெருவில் இறங்கிய சாதாரண மக்கள் எல்லாம் சேர்ந்து, யூதர்களை நாஜி மரண முகாம்களுக்கு அனுப்பும் திட்டத்தை எதிர்த்தார்கள். அதே ஆட்சி தன் கட்டுப்பாட்டில் இருந்த திரேஸ், மாசிடோனியா பகுதிகளிலிருந்து 11,000க்கும் மேற்பட்ட யூதர்களைச் சாவுக்கு அனுப்பியது. இந்தக் கணக்கும் அரசர் பெயரில்தான் எழுதப்பட வேண்டும்.

போரிஸ் இறந்தபின் ஆறு வயதில் அரசரான இரண்டாம் சிமியோன், 1946இல் கம்யூனிஸ்டுகள் நடத்திய பொது வாக்கெடுப்புக்குப் பிறகு நாட்டை விட்டு வெளியேறினார். அந்த வாக்கெடுப்பு நேர்மையானது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் 2001இல் நடந்தது சுதந்திரமான தேர்தல். அவருடைய புதிய கட்சி 240 இடங்களில் 120ஐ வென்றது. முன்னாள் அரசர் குடியரசின் பிரதமரானார். மக்களிடம் ஓட்டுக் கேட்டு வந்தாரே, அதை நான் மதிக்கிறேன். அவருக்கு அரியணையை விடப் பெரிய மரியாதை அதுதான். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்று மக்கள் நினைத்தபோது பேசாமல் விலகிப் போனார்கள். 2009இல் அவருடைய கட்சிக்கு நாடாளுமன்றத்தில் ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை, அவரும் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார்.