அந்த ஆஸ்பத்திரி போட்டோவுக்கு முன்னாடி இருந்த மனுஷன்

ரஷ்ய உளவு அமைப்புல வேலை பார்த்து, லண்டனுக்குத் தப்பி வந்து, விஷம் வச்சுக் கொல்லப்பட்ட லித்வினென்கோன்னு சொன்னா நிறைய பேருக்கு அந்த ஒரு போட்டோதான் ஞாபகம் வரும். பச்சை கவுன், முடியெல்லாம் கொட்டிப்போன தலை, நேரா நம்மள முறைக்கிற கண்ணு. 2006 நவம்பர் 23 லண்டன்ல செத்துப்போனார், அதுக்கப்புறம் ஆளை விட்டுட்டு எல்லாரும் அவரைக் கொன்ன கதிரியக்க விஷமான பொலோனியத்தைப் பத்தியே பேச ஆரம்பிச்சிட்டாங்க. டைரக்டர் ஆந்த்ரேய் நெக்ராசோவ் 2007 கான் திரைப்பட விழாவுல காட்டுன டாக்குமெண்டரி எனக்குப் புடிச்சதே அதனாலதான், அதுல இந்த மனுஷன் தலை நிறைய முடியோட உக்காந்து பேசுறார்.

ஸ்பைன்னு பேர் ஆயிடுச்சே தவிர, வெளிநாட்டுல வேவு பார்த்த ஆளே இல்ல. ரஷ்யாவோட உள்நாட்டுப் பாதுகாப்பு உளவு அமைப்பான எஃப்எஸ்பில மாஃபியா கும்பல்களத் தேடிப் புடிக்கிற வேலை. 1998 நவம்பர்ல மாஸ்கோவுல பிரஸ் மீட் வச்சு, கோடீஸ்வரர் பெரெசோவ்ஸ்கியைக் கொல்லச் சொல்லி மேலிடத்துல இருந்து எங்களுக்கு ஆர்டர் வந்துச்சுன்னு போட்டு உடைச்சார். கூட வந்த சிலர் முகமூடி போட்டிருந்தாங்க, இவர் முகத்தைக் காட்டிக்கிட்டே பேசினார். அப்ப எஃப்எஸ்பிக்குத் தலைவர் யாருன்னா, புடின்! வேலை போச்சு, ஜெயில், விடுதலை, திரும்ப கேஸ், கடைசில 2000ல துருக்கி வழியா பொண்டாட்டி புள்ளையோட லண்டன் போய்ச் சேர்ந்தார்.

இவரைத் தியாகி ஆக்கி மாலை போடுறவங்களப் பார்த்தா எனக்கு எரிச்சல்தான் வருது. ரஷ்யாவுல இருந்து பிரிஞ்சு போகப் போராடின செச்சன்யாவுல நடந்த போர்ல எஃப்எஸ்பி ஆளா போய் கைதிகள விசாரிச்சவர் இவர், அப்புறம் லண்டன்ல செச்சன் தலைவர் ஸகாயெவுக்கே பக்கத்து வீட்டுக்காரர் ஆனார். இந்த ரெண்டுக்கும் நடுவுல அந்த மனசுக்குள்ள என்னதான் நடந்துச்சு? நெக்ராசோவ் நண்பரா உக்காந்து பேசுறதால அங்க கிடுக்கிப்பிடி கேள்வியெல்லாம் எதிர்பார்க்காதீங்க, எனக்கு அது பத்தல. ஆனா கறை இருக்குறதாலயே இவர் பேச்சை நம்பத் தோணுது, உள்ள இருந்து பார்த்தவன் சொல்றதும் வெளில நின்னு பார்த்தவன் சொல்றதும் ஒண்ணா?

படத்துல அன்னா பொலித்கோவ்ஸ்கயாவும் வர்றாங்க. அந்தப் பத்திரிகையாளரை 2006 அக்டோபர் 7 அவங்க அபார்ட்மெண்ட் லிஃப்ட்லயே சுட்டுக் கொன்னாங்க. இதுக்குக் காரணம் புடின்தான்னு லண்டன்ல ஒரு மேடையில வெளிப்படையா சொன்னார் லித்வினென்கோ. நவம்பர் 1 மில்லேனியம் ஹோட்டல் பார்ல லுகோவோய், கோவ்துன்னு ரெண்டு ரஷ்யர்கள் முன்னாடி ஆறிப்போன கிரீன் டீயை சில மடக்கு குடிச்சார். அந்த டீயிலதான் பொலோனியம் இருந்துச்சு. அதுல இருந்து வர்ற ஆல்ஃபா கதிர் தோலைத் தாண்டாது, உள்ள போனாத்தான் ஆபத்து, அதனால சாதாரண செக்கிங்ல சிக்காம, சாகுறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடிதான் பொலோனியம்னே உறுதியாச்சு.

படத்தோட நிறுத்திடாம 2016ல நீதிபதி ராபர்ட் ஓவன் கொடுத்த விசாரணை அறிக்கையையும் படிங்க, நீளம்தான், ஆனா துப்பறியும் நாவல் தோத்துடும். அந்த டீ குடிச்சு முடிச்சப்புறம் லுகோவோய் தன்னோட எட்டு வயசுப் பையனைக் கூப்பிட்டு, அங்கிளுக்குக் கை கொடுன்னு கொடுக்க வச்சிருக்கார், பெத்த புள்ளடா! இந்தக் கொலைக்கு புடின் அனேகமா ஒப்புதல் கொடுத்திருப்பார்னு அந்த அறிக்கை சொல்லுது. ரஷ்யாதான் பொறுப்புன்னு 2021ல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் சொல்லிடுச்சு. லுகோவோய் எல்லாத்தையும் மறுத்துட்டு 2007 டிசம்பர்லயே எம்பி ஆயிட்டார், 2015ல புடின் கிட்ட இருந்து விருது வேற. பிரிட்டன் கேட்டும் ரஷ்யா அவரை ஒப்படைக்கவே இல்ல.